ஸோரிக்கு யாரும் தீனி போடாதீர்கள்

ஹாரும்சீல்,
மார்ச் 4

அன்புள்ள அக்கா மகள் தலேயாவுக்கு,

இனி நான் எழுதப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பமாட்டாள். ஓல்டன்பர்க் நகரில் புத்தியுள்ள ஒருவரும் நம்பமாட்டார். ஆனாலும் வடகடலையும் என் இரண்டு முழங்கால்களையும் சாட்சி வைத்துச் சொல்கிறேன்: இந்தக் கதையில் ஓர் எழுத்தைக்கூட நான் கூட்டவில்லை. "இனிமே உங்ககிட்ட வாயால பேசுறதா இல்ல மாமா. நடந்தத எழுதி அனுப்புங்க, சங்கத்துக் கோப்புல வைக்கணும்" என்று நேற்று நீ போனை வைத்துவிட்டாய். ஆகவே கோப்பின் பொருட்டு எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ருமேனியாவிலிருந்து மீட்ட நாய்களை ஏற்றி வந்த உங்கள் சங்கத்து வண்டி என் வாசலில் நின்றது. ஓட்டுநர் ஒரு நாய்ப்பெட்டியைப் புல்தரையில் இறக்கினார். மேலே 'ஸோரி' என்று பெயர் எழுதிய அட்டை. உள்ளே கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு பழுப்பு நாய். ஒரு காது வானத்தைப் பார்த்தது, மறு காது பூமியைப் பார்த்தது. கழுத்துக்கு ஒரு பட்டை, மார்புக்கு ஒரு பட்டை, இரண்டுக்கும் தனித்தனி வார் என்று நீ சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் என் கையில் தயார்.

அந்தக் கணத்தில்தான் கிரீன்லாந்திலிருந்து ஒரு காற்று புறப்பட்டு வந்தது. எதிர்வீட்டு ஃபோல்கேயின் ஒன்பது கோழிகளும் ஹாலந்துக்குப் பறந்துபோய், மத்தியானம் டச்சு பேசிக்கொண்டு திரும்பின. காற்று என் தோட்டக் கதவைக் கீலோடு பிடுங்கியது. பிறகு மிகவும் மரியாதையாக நாய்ப்பெட்டியின் தாழ்ப்பாளையும் விலக்கியது. ஸோரி வெளியே வந்தாள், வாய்க்காலைத் தாண்டினாள், நான்கு வயல்களை ஒரே மூச்சில் கடந்தாள். இப்போது கடலணைக்குக் கீழே, நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் நாணலில் ஒளிந்திருக்கிறாள்.

இன்னொன்றும் உண்டு. கடலணைப் புல்லில் ஆடு மேய்க்கும் வில்கோ நேற்று வந்து வாசலில் நின்றார். "ஏப்ரல் ஒண்ணாந்தேதி குட்டிங்கள அணை மேல விடுறேன். அன்னிக்கும் உன் நாய் அங்கயே சுத்துச்சுன்னா வேட்டைக்காரருக்குப் போன் போடுவேன் ஹபோ. உன் மேல கோவம் ஒண்ணும் இல்ல. ஆனா போடுவேன்" என்றார். வில்கோ வருஷத்துக்கு நாற்பது வார்த்தைதான் பேசுவார். அதில் பாதியை எனக்காகச் செலவழித்திருக்கிறார் என்றால் விஷயம் லேசில்லை.

உன் மாமா,
ஓய்வுபெற்ற படகோட்டி ஹபோ


ஓல்டன்பர்க்,
மார்ச் 6

மாமா,

சனிக்கிழமை உங்கள் ஊரில் காற்றே இல்லை. வண்டி ஓட்டுநரிடம் கேட்டுவிட்டேன். "கேட்ட சாத்தல. பெட்டிய வீட்டுக்குள்ள தூக்கிட்டுப் போவார்னு பார்த்தா, அங்கயே தொறந்து வச்சுட்டு ரெண்டு கையயும் தூக்கி வரவேற்புரை ஆரம்பிச்சுட்டாரும்மா. எனக்கே பயமா இருந்துச்சு" என்றார்.

இரண்டு கதவுகள் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. தற்காலிகமாக நாய் வளர்க்க முன்வரும் எல்லோருக்கும் முதல் நாள் முதல் மணியில் சொல்லித்தருவது இதுதான். நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினீர்கள்.

என் கால் இன்னும் ஐந்து வாரம் மாவுக்கட்டில் இருக்கும். பக்கத்தில் சங்கத்து ஆள் வேறு யாரும் இல்லை. அதனால் நீங்கள்தான் செய்ய வேண்டும். யாரும் அவளைத் தேடக் கூடாது. கூப்பிடக் கூடாது, விசிலடிக்கக் கூடாது, பின்னால் ஓடக் கூடாது. தேடினால் அவள் அந்த இடத்தையே விட்டுப் போய்விடுவாள். பார்சலில் கூண்டும் கேமராவும் வருகின்றன. நாணல் ஓரத்தில் கூண்டை வையுங்கள். கதவு விழாமல் கட்டிவிடுங்கள். தினமும் மாலை ஒரே நேரத்தில், ஒரே சட்டையில் போய் உள்ளே தீனி வையுங்கள். முப்பது அடி தள்ளி, பாதி முதுகைக் காட்டி உட்காருங்கள். மனுஷ வாசனை பயமில்லாத வாசனையாக அவளுக்குப் பழக வேண்டும். பிறகு கேமராவை விட்டுவிட்டுக் கிளம்புங்கள். போனை அணைத்துவிட வேண்டும்.

பேசவும் கூடாது. ஒரு வார்த்தைகூட. இதை எழுதும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்களுக்கு நாய் கொடுக்க வேண்டாம் என்று சங்கத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். என் பொறுப்பு என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

தலேயா


நாணல் ஓரம்,
மார்ச் 9, மாலை ஐந்து

மருமகளே,

இந்தக் கடிதம் பென்சிலில் இருப்பதைப் பொறுத்துக்கொள். பேனா மூடியைக் கழற்றும் சத்தம் இங்கே பீரங்கி மாதிரி கேட்கிறது.

மூன்று நாளாக, தினம் மூன்று மணி நேரம், பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். அறுபத்தொன்பது வயதில் ஒரு மனிதனுக்கு இது நேரக் கூடாது. சொல்லாத வார்த்தைகள் உள்ளே சேர்ந்து சேர்ந்து சட்டைப் பொத்தான்கள் இரண்டு தெறித்துவிட்டன. தாடை துருப்பிடித்திருக்கிறது. வீட்டுக்குப் போனதும் கெட்டிலிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். அது நல்ல சுபாவம், குறுக்கே பேசவில்லை. வாயால் முடியாததால் உனக்கு எழுதுகிறேன். இல்லையென்றால் நான் வெடித்து, என் துண்டுகள் அணை மேல் விழுந்து, ஆடுகளுக்கு அஜீரணம் வரும்.

உன் கடிதம் வருவதற்கு முன்னால் ஊரே தேடக் கிளம்பியிருந்தது என்பதையும் கோப்பில் எழுதிக்கொள். முப்பது பேர், பதினொரு விசில், ஒரு தீயணைப்பு வண்டி. ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர்கள் தேடியதில் ஒரு குடையும், மூன்று தலைமுறைக்கு முன்னால் காணாமல்போன ஒரு சைக்கிளும் கிடைத்தன. உன் கடிதம் வந்ததும் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். முகம் தொங்கிப்போய்த் திரும்பினார்கள்.

ஆனால் வந்தாள். நேற்று நான் ஆறு மணிக்கு எழுந்து போனேன். ஆறு இரண்டுக்கு அவள் கேமராவில் இருக்கிறாள். படங்களை அச்சிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கூண்டு வாசலில் இருந்து ஒரே ஒரு கோழித் துண்டை எடுத்தாள், விருந்துக்குப் போன பெரிய வீட்டுப் பெண் மாதிரி, வேண்டா வெறுப்பாக.

வரவேற்புரையைப் பற்றி: ஓட்டுநர் மிகைப்படுத்துகிறார். மிகைப்படுத்துகிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது.

மாமா


ஓல்டன்பர்க்,
மார்ச் 12

மாமா,

படங்களை மேசை மேல் பரப்பிவைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். இதற்கு முன் கூண்டு வைத்த நாய்கள் எல்லாம் ஒரு வாரத்தில் விலா எலும்பு தெரிய வந்து நிற்கும். இவளுடைய காகிதத்தில் எடை பதினான்கு கிலோ என்று இருக்கிறது. (கன்றுக்குட்டி இல்லை மாமா, முழங்கால் உயரம்.) எட்டாம் தேதிப் படத்தில் பதினான்குக்கு மேல்தான் இருப்பாள். வயிறு உருண்டிருக்கிறது. முடி பளபளக்கிறது. காணாமல்போன நாய் இப்படி இருக்காது.

உங்கள் ஊரில் யாரோ தீனி போடுகிறார்கள். ஒருவர் மட்டும் இல்லை என்றும் நினைக்கிறேன்.

வெளியே வயிறு நிறையும் வரை அவள் கூண்டுக்குள் வரமாட்டாள். எதற்கு வர வேண்டும்? யார் என்று கண்டுபிடியுங்கள். கத்தாதீர்கள், கேளுங்கள். இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது.

தலேயா

பின்குறிப்பு: நீங்கள் மூன்று மணி நேரம் பேசவில்லை என்பதை அம்மாவிடம் சொன்னேன். அவள் உங்கள் உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.


ஹாரும்சீல்,
மார்ச் 16

மருமகளே,

உலக வரலாற்றில் இதுவரை நடந்த துப்பறியும் வேலைகளை எல்லாம் மறந்துவிடு. இரண்டு நாளில் நான் ஆறு வீடுகளில் பதினெட்டு கோப்பை தேநீர் குடித்திருக்கிறேன். இங்கே மூன்று கோப்பைக்கு முன்னால், போதும் என்று கோப்பையில் கரண்டியைப் போட்டால் வீட்டுக்காரியை அவமதித்த மாதிரி. மூன்று குடிக்காமல் யாரும் உண்மையும் சொல்லமாட்டார்கள். இப்போது என் ரத்தத்தில் பாதி தேநீர்க் கற்கண்டு. நடந்தால் கலகலவென்று சத்தம் வருகிறது.

முதல் கோப்பையில் எல்லோரும் நிரபராதிகள். இரண்டாவதில் எல்லோரும் பக்கத்து வீட்டைக் காட்டினார்கள். மூன்றாவதில் ஃபோல்கே, கோழிக்கூட்டுக்குப் பின்னால் தினமும் கொஞ்சமே கொஞ்சம் ஈரல் சாசேஜ் வைப்பதை ஒத்துக்கொண்டாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். கையால் காட்டினாள், இரண்டு கையும் தேவைப்பட்டது. போதகர் ரேம்ட், கல்லறைத் தோட்டத்து மதிலில் வெண்ணெய் தடவிய ரொட்டி வைக்கிறார். அதைத் தருமக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார் போல. பள்ளிக்கூடச் சமையல்காரி மீனைத் தலை நீக்கி, முள் எடுத்து வைக்கிறாள். என் வீட்டில் நான் அப்படிச் சாப்பிட்டதில்லை. தேடக் கூடாது என்று நான் அனுப்பிவைத்த முப்பது பேருக்கும் கை சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆறாவது வீடு வில்கோவுடையது. சாட்சி தேடிப் போனேனே தவிர, அவரைச் சந்தேகப்பட்டுப் போகவில்லை. ஆட்டுக் கொட்டகைக்கு வெளியே, நாணல் பக்கமாக, ஒரு நீலக் கிண்ணம் இருந்தது. அடியில் பால் காய்ந்திருந்தது.

"இது என்ன வில்கோ?"

"பால் மிச்சமாச்சு. கீழ ஊத்திட்டேன்."

"கிண்ணத்துலயா கீழ ஊத்துவ?"

நெடுநேரம் ஆடுகளைப் பார்த்தார். "தரை அழுக்காயிடும்ல" என்றார்.

வேட்டைக்காரருக்குப் போன் போடுவேன் என்றாயே என்று கேட்டேன். போடத்தான் செய்வேன், அதற்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம் என்றார். இதற்கு மேல் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை வாங்க இயந்திரம் வைத்துத்தான் இறைக்க வேண்டும்.

என்ன செய்யட்டும், சொல். இவர்கள் திருடர்களாக இருந்தால் எனக்கு வழி தெரியும். நல்லவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

மாமா


ஓல்டன்பர்க்,
மார்ச் 18

மாமா,

எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டி, நிறுத்தச் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் ஒவ்வொருவரும் தன் சாசேஜ் மட்டும் கணக்கில் வராது என்று நினைப்பார்கள். ஸோரி பட்டினி கிடக்க மாட்டாள். தினம் ஒரு வேளை, ஒரே இடத்தில், கூண்டுக்குள் இருக்கிறது. அதைத் தவிர வேறு எங்கும் இருக்கக் கூடாது.

இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை உங்களிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

என் முதல் வருஷத்தில், நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்துமிடத்தில் ஒரு நாய் தப்பித்தது. வெள்ளை நாய், பெயர் மிலூ. லாரிக்காரர்கள் ரொம்ப நல்லவர்கள். ஆளுக்கு ஒரு துண்டு போட்டார்கள். ஒருவர் தன் போர்வையையே சக்கரத்துக்குப் பக்கத்தில் விரித்துவைத்தார். நான் கூண்டு வைத்துக் காத்திருந்தேன். அவர்களிடம் போய், போடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு அன்பாக இருந்தார்கள். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஒன்பது நாள் போனது. பத்தாவது நாள் அவள் ரொட்டிக்காக இந்தப் பக்க நிறுத்தத்திலிருந்து அந்தப் பக்க நிறுத்தத்துக்குச் சாலையைத் தாண்டினாள்.

கோப்பில் 'விபத்து' என்றுதான் எழுதினேன்.

நீங்கள் பேசக் கூடாத இடத்தில் பேசினீர்கள். நான் பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை. எது பெரிய தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் போய்ப் பேசுங்கள் மாமா. உங்களால் முடியும்.

தலேயா


ஹாரும்சீல்,
மார்ச் 22

அன்பு தலேயா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு மடித்து உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. நேரில் வரும்போது உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

நேற்று மாலை தீயணைப்பு வண்டிக் கொட்டகையில் ஊரைக் கூட்டினேன். வந்தவர்கள் நாலாயிரம் பேர் இருக்கும். (ஊரின் மக்கள்தொகை நூற்றிரண்டு. மற்றவர்கள் என் பேச்சைக் கேட்கக் கடல் தாண்டி வந்திருக்க வேண்டும்.) பத்து நாளைக்கு எல்லோரும் கல்மனசாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். சாசேஜ் இல்லை, ரொட்டி இல்லை, முள் எடுத்த மீன் இல்லை.

ஃபோல்கே எழுந்துவிட்டாள். "பட்டினி போடவா அங்கேருந்து இவ்ளோ தூரம் கூட்டியாந்தீங்க? தொலைச்சது நீங்க, கல்லாகுறது நாங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காற்றைப் பற்றிய கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஃபோல்கேயின் கோழிகளை நான் அதில் சேர்த்திருந்ததால் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. கிரீன்லாந்து நாக்கு நுனியில் வந்து நின்றது. உன் மிலூவும் நின்றாள்.

"காத்து வரல ஃபோல்கே" என்றேன். "கேட்ட நான் சாத்தல. பெட்டியையும் நான்தான் தொறந்தேன். அவ பயந்து நடுங்கிட்டு இருந்தா, நான் பேசிட்டு இருந்தேன். என் தப்புதான். நான் மட்டும் கல்லா இருந்தா பத்தாது, அதனாலதான் உங்க கால்ல விழறேன்."

அதைக் கேட்டுத் தீயணைப்பு வண்டிக்கே வியர்த்தது. பிறகு பின்வரிசையில் வில்கோ கையைத் தூக்கினார். கேள்வி கேட்கப்போகிறார் என்று நினைத்தோம். கேட்கவில்லை, தூக்கிய கையோடு நின்றார். அப்புறம்தான் அது ஓட்டு என்று புரிந்தது. மற்ற கைகளும் எழுந்தன. ஃபோல்கேயின் கை கடைசி. தன்னையே நம்ப முடியாது என்று வீட்டிலிருந்த சாசேஜ் அனைத்தையும் போதகரின் ஃப்ரிட்ஜில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டாள்.

இன்று மாலை ஸோரி வந்தாள், நான் இருக்கும்போதே. முன்னங்கால் இரண்டும் கூண்டுக்குள். பின்னங்கால் இரண்டும் ருமேனியாவில்.

மாமா


ஓல்டன்பர்க்,
மார்ச் 29

மாமா,

நேற்று வந்த படத்தில் வால் மட்டும்தான் வெளியே இருக்கிறது. இப்போது தீனியைக் கடைசி மூலைக்குத் தள்ளி வையுங்கள். கட்டிய கதவை அவிழ்த்து, கயிற்றை உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள். முழு உடம்பும் உள்ளே போய், அவள் தலை குனிந்து சாப்பிடும்போது இழுக்க வேண்டும். ஒரே தரம்தான். அவசரப்பட்டு வாலில் கதவு விழுந்தால் இனி எந்தக் கூண்டுக்கும் வரமாட்டாள். இன்று வராவிட்டால் நாளை. நாளை வராவிட்டால் நாளை மறுநாள். திங்கள்கிழமை ஒன்றாம் தேதி என்று எனக்கும் தெரியும். அப்படியும் அவசரப்படாதீர்கள்.

இன்னொன்று. கிடைத்தால் அவள் ஜேவரில் புதிதாக நாய் வளர்க்க முன்வந்திருக்கும் ஹில்கேயிடம் போவாள். சத்தமில்லாத வீடு, ஏற்கெனவே ஒரு கிழட்டு நாய் இருக்கிறது, அதைப் பார்த்துப் பழகுவாள். இதை நீங்கள் தண்டனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுத நினைத்தேன். கொஞ்சம் தண்டனைதான். ஆனால் அவளுக்கும் அதுதான் நல்லது.

தலேயா


[அஞ்சலட்டை]

ஏப்ரல் 2

மாலை ஐந்து ஐம்பது. முழுதாக உள்ளே வந்தாள். இழுத்தேன். விழுந்தது. கத்தவில்லை, மூலையில் படுத்துக்கொண்டாள். வலது பின்னங்காலில் ஒரு முள், வேறு காயம் இல்லை. கூண்டோடு வண்டியில் ஏற்றி, கதவைச் சாத்திய பிறகுதான் திறந்தோம். ஹில்கே கொண்டுபோனாள்.

ஹபோ


ஓல்டன்பர்க்,
ஏப்ரல் 4

மாமா,

இருபது வருஷத்தில் உங்களிடமிருந்து வந்த மிகச் சிறிய கடிதம் இதுதான். அம்மாவிடம் காட்டினேன். அவள் அழுதாள். நான் அழவில்லை, சமையலறைக்குப் போய் நின்றேன்.

ஸோரி ஹில்கே வீட்டு மேசைக்கடியில் இருக்கிறாள். முள்ளை எடுத்தாகிவிட்டது. எடை பதினாறு கிலோ. சங்கத்தில் எல்லோரும் இதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

உங்களுக்கு வேறு நாய் இப்போதைக்குக் கொடுக்கமாட்டார்கள். ஆனால் பாப்பன்பர்க் பக்கத்தில் நேற்று ஒரு நாய் தப்பித்திருக்கிறது. பேசாமல் உட்காரத் தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று கேட்டார்கள். உங்கள் பெயரைச் சொன்னேன். இந்த முறை யாரும் மறுக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நீங்கள் பிடித்தது இரண்டாம் தேதி. குட்டிகள் அணைக்கு வரவேண்டியது ஒன்றாம் தேதி. வேட்டைக்காரர் ஏன் வரவில்லை? கோப்பில் எழுத வேண்டும்.

தலேயா


ஹாரும்சீல்,
ஏப்ரல் 7

அன்புள்ள அக்கா மகளே,

பாப்பன்பர்க்குக்கு நாளைக் காலை கிளம்புகிறேன். அந்த 'ஒரே சட்டை'யைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

வேட்டைக்காரர் விஷயம் பெரிய காவியம். ஒன்றாம் தேதி காலை அவர் தன் பதினேழு துப்பாக்கிகளோடு வந்தார். நான் அணை மேல் ஏறி நின்று, மார்பைத் திறந்து காட்டினேன். கடல் இரண்டு அடி பின்வாங்கியது. வானத்தில் போன வாத்துக்கூட்டம் திரும்பி வந்து என் பக்கம் வரிசையாக நின்றது. என் ஒரு பார்வையில் துப்பாக்கிகளின் குழல்கள் வெட்கத்தில் வளைந்துவிட்டன. இப்போது அவற்றில் அவர் பூச்செடி வளர்க்கிறார்.

இதில் எதையும் கோப்பில் எழுதாதே. வேட்டைக்காரரை யாரும் கூப்பிடவில்லை. நான் அணை மேல் ஏறவும் இல்லை. கொட்டகைக்கு எதிரே, கையில் தொப்பியோடு, வில்கோவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

நிஜம் இவ்வளவுதான். ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு வில்கோ கொட்டகைக் கதவருகே வந்தார். உள்ளே நூற்றெண்பது குட்டிகள் வெளியே போகக் கத்திக்கொண்டிருந்தன. அவர் அணையைப் பார்த்தார். நாணலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"புல்லு ஈரமா இருக்கு" என்றார். "வியாழக்கிழமை பாத்துக்கலாம்."

கைப்பிடி கைப்பிடியாக வைக்கோலை உள்ளே அள்ளிப் போட்டுவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

இங்கே மழை பெய்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

மாமா